பியூட்டவுன்: குடியிருப்பு வரலாறு

பியூட்டவுன் என்பது வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபின் தெற்கே, துறைமுகத்தை ஒட்டி அமைந்துள்ள பகுதியாகும். டைகர் பே என்ற பெயரே வெளியுலகில் அதிகம் அறியப்பட்டது. இரண்டாம் பியூட் பிரபு வெட்டுவித்த கப்பல்துறை 1839-இல் திறக்கப்பட்டது. நிலக்கரி ஏற்றுமதி பெருகப் பெருக, அருகிலேயே வீடுகள் எழுந்தன. லவுடன் சதுக்கத்தைச் சுற்றியிருந்த பெரிய மாடி வீடுகளில் முதலில் கப்பல் தலைவர்களும் வணிகர்களும் வசித்தனர்.

வசதி படைத்தோர் வேறிடம் பெயர்ந்தபின், அதே வீடுகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. சோமாலியா, ஏமன், மேற்கு ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து வந்த கடலோடிகள் அங்கே குடியேறினர். அவர்கள் விரும்பி ஒதுங்கி வாழ்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. நகரின் பிற பகுதிகளில் அவர்களுக்கு வீடு தர மறுத்தவர்களே மிகுதி. 1919 ஜூன் மாதக் கலவரம் அக்காலத்துப் பகைமைக்குச் சான்று. அதில் மூவர் உயிரிழந்தனர்.

1960-களில் மாநகராட்சி பழைய தெருக்களை இடித்துத் தள்ளியது. வீடுகள் பழுதடைந்திருந்ததும் நெரிசல் மிகுந்திருந்ததும் உண்மையே. ஆனால் பழுதுபார்த்திருக்கக் கூடியவையும் சேர்ந்தே போயின. கடைகள், கடலோடிகள் தங்கும் விடுதிகள் மறைந்தன. பல குடும்பங்கள் வேறு பகுதிகளுக்குச் சிதறின. லவுடன் சதுக்கத்தில் இரண்டு உயரமான அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. சதுக்கத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

1987-இல் கார்டிஃப் விரிகுடா மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. 1999-இல் தடுப்பணை கட்டி முடிக்கப்பட்டதும், அலை வந்து வடியும் சேற்றுப் பரப்பு நன்னீர் ஏரியாயிற்று. கரையோரம் விலை மிகுந்த அடுக்ககங்கள் வந்தன. புதிய லாயிட் ஜார்ஜ் அவென்யூவுக்கும் பழைய பியூட் தெருவுக்கும் நடுவே, ரயில் பாதையைத் தாங்கும் நீண்ட கல்மதில் இன்றும் நிற்கிறது.