இராக்கடமையும் பதிவேடும்: இங்கிலாந்து மருத்துவமனைகளின் கடைநிலை ஊழியர் பற்றிய ஒரு நோக்கு

தாதித்தொழிலின் வரலாற்றை எழுதப்புகுவோர் பெரும்பாலும் ஒரு விளக்கிலிருந்தே தொடங்குவர். கிரைமியா யுத்த காலத்தில் (1853 - 1856) ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையின் நெடிய விடுதிகளினூடே புளோரன்ஸ் நைற்றிங்கேல் இரவு வேளைகளில் விளக்கேந்தி நடந்த காட்சியே அது. ஓவியர் பலர் அவர் கையில் வரைந்த கிண்ண வடிவான எண்ணெய் விளக்கு கற்பனையே. அவர் கொண்டு சென்றது மடிக்கத்தக்க துருக்கியக் கூண்டுவிளக்கு. இத்தவறு சிறிது. அக்காட்சி மறைத்துவிடும் மற்றோர் உண்மையோ பெரிது. இரவு எட்டு மணிக்குப் பின்னர் வேறு பெண்கள் விடுதிகளில் நிற்பதை நைற்றிங்கேல் அனுமதித்தாரல்லர். விளக்கு கடந்து சென்றபின், விடியும்வரை காயமுற்றோரருகே இருந்தவர்கள் பயிற்சியற்ற இராணுவ ஏவலாளரே. பாடநூல்களில் அவர்களுக்கு இடமில்லை.

நோயாளியின் அருகே இரவு முழுதும் இருப்பவரே மருத்துவமனைப் படிநிலையில் மிகத் தாழ்ந்தவராகவும் இருப்பது தற்செயலன்று. தாதித்தொழில் தன்னை உயர்த்திக்கொண்ட முறையிலேயே அதன் காரணம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மருத்துவமனைகளிற் பணிபுரிந்த பெண்கள், 'சிஸ்டர்', 'நேர்ஸ்' எனத் தரம் பிரிக்கப்பட்டிருந்தனர். இவ்விரு தரத்தினருக்குங் கீழே, இரவுக்கென்று கூலிக்கு அமர்த்தப்பட்ட காவற்பெண்கள் இருந்தனர். வறிய பெண்களாகிய இவர்களின் வேலை, விழித்திருப்பது. சாள்ஸ் டிக்கன்ஸ் 1843 - 1844 இல் தொடராக வெளியிட்ட 'மாட்டின் சசல்விற்' என்னும் நாவலில் வரும் சேரா காம்ப் என்ற குடிகாரத் தாதி இவ்வகைப் பெண்களின் சின்னமாகவே நிலைத்துவிட்டாள். ஒரே நோயாளியை அவள் இரவிலும், சென் பாதலோமியு மருத்துவமனையைச் சேர்ந்த பெற்சி பிறிக் பகலிலும் பார்க்கின்றனர். நகைச்சுவையென்ற வகையில் அப்பாத்திரம் ஈடிணையற்றது. வரலாற்றுச் சான்றென்ற வகையில் ஐயத்துக்குரியது. இரவு முழுதும் விழித்து, அற்பக் கூலி பெற்று, குளிருக்கு மதுவை நாடிய பெண்ணின் நிலைமையை விடுத்து அவளது ஒழுக்கத்தையே அது விசாரித்தது. பின்வந்த சீர்திருத்தவாதிகளுக்கு அக்கேலிச்சித்திரம் பெரிதும் பயன்பட்டது.

சென் தோமஸ் மருத்துவமனையில் 1860 இல் 15 பயிலுநருடன் நைற்றிங்கேலின் பள்ளி தொடங்கியது. தாதி என்பவள் இனிமேற் கற்றவள், ஒழுக்கமுடையவள் என்ற எண்ணம் படிப்படியாக வேரூன்றிற்று. அவ்வெண்ணத்தைச் சட்டமாக்க 1887 முதல் போராடியவர் எதெல் பெட்போட் பென்விக். நைற்றிங்கேல் அப்பதிவு முறையை எதிர்த்தார் என்பது பலர் அறியாத செய்தி. நற்குணத்தைத் தேர்வினால் அளக்கவியலாதென்பது அவர் வாதம். ஈற்றிற் சட்டமே வென்றது. 1919 டிசெம்பரில் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. பதிவேட்டின் முதலாம் இலக்கம் பென்விக்கிற்கே உரியதாயிற்று.

பதிவேடு ஒரு கதவு. உள்ளே சென்றோருக்கு அது மதிப்பையும் காப்பையும் அளித்தது. வெளியே நின்றோர் நோயாளரைத் துடைத்தனர், புரட்டினர், மலசலமெடுத்தனர்; ஆயினுஞ் சட்டத்தின் கண்ணில் அவர்கள் தாதியரல்லர். இரண்டாம் உலக யுத்தத்தின் ஆட்பற்றாக்குறை காரணமாக 1943 இல் உதவித் தாதியருக்கென வேறொரு பட்டியல் திறக்கப்பட்டது. 'உதவி' என்ற சொல் 1961 இல் நீக்கப்பட்டது. இடையில், 1948 ஜூலை 5 இல் தேசிய சுகாதார சேவை பிறந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த பெண்கள் பலர், முழுப்பதிவுக்குரிய பயிற்சியை நாடியபோதும் இவ்விரண்டாந்தரப் பயிற்சிக்கே அனுப்பப்பட்டனர். அதன் தகைமை அவர்தம் தாயகத்திற் செல்லுபடியாகாதென்பதைப் பலர் காலங்கடந்தே அறிந்தனர்.

அக்காலத்தில் இராக்கடமையின் பெரும் பாரத்தைச் சுமந்தவர் பயிலுநத் தாதியரே. 1986 இல் முன்வைக்கப்பட்ட 'புறொஜெக்ற் 2000' திட்டம் அவர்களை விடுதி வேலையிலிருந்து விடுவித்து மாணவராக்கியது. நியாயமான மாற்றமே. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற இரவை யார் நிரப்புவது? பதிவற்ற பராமரிப்பு உதவியாளர் என்ற தரம் விரிவடைந்தது இவ்வெற்றிடத்திலேதான்.

இவர்கள் செய்வது இன்று வெறும் விழித்திருத்தலன்று. 2012 இல் இராயல் மருத்துவர் கல்லூரி அறிமுகஞ் செய்த முன்னெச்சரிக்கைப் புள்ளிமுறையை நோக்குக. மூச்சின் வேகம், குருதியின் ஒட்சிசன் செறிவு, குருதியமுக்கம், நாடித்துடிப்பு, உணர்வுநிலை, உடல்வெப்பம் ஆகிய ஆறும் அளக்கப்பட்டுப் புள்ளியிடப்படும். கூட்டுத்தொகை 5 ஆயின் அவசரக் கவனிப்பு வேண்டும். 7 ஆயின் அது உயிராபத்து. மருத்துவரின் வருகை இவ்வெண்ணிலேயே தங்கியுள்ளது. பின்னிரவு இரண்டு மணிக்கு, மங்கிய வெளிச்சத்தில், போர்வையின் ஏற்றவிறக்கத்தை உற்றுநோக்கி மூச்செண்ணி அவ்வெண்ணைப் பதிபவர் பெரும்பாலும் இவ்வுதவியாளரே. இதில் ஓர் இடர்ப்பாடுமுண்டு. முதலுறக்கம் கலைக்கப்பட்ட நோயாளி மீண்டும் உறங்குவது அரிதென நைற்றிங்கேல் 1859 இல் வெளியிட்ட தம் நூலில் எச்சரித்திருந்தார். உணர்வுநிலையை அறிய வேண்டுமாயின் எழுப்பவே வேண்டும். உறக்கமா மயக்கமா என்பதை முதலில் ஊகிக்க வேண்டிய பொறுப்பு, தாழ்ந்த சம்பளம் பெறுபவரிடமே விடப்பட்டுள்ளது.

அத்துடன் பழைய காவலும் மறையவில்லை. சித்தங்கலங்கிக் கட்டிலை விட்டிறங்க முனையும் முதியவரருகே இரவு முழுதும் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டியுள்ளது. இருநூறாண்டுகளுக்கு முன் காவற்பெண் செய்த வேலை இதுவே.

ஸ்ரபோட் மருத்துவமனையில் நிகழ்ந்த கொடிய பராமரிப்புக் குறைகளை விசாரித்த பிரான்சிஸ் அறிக்கை, 2013 பெப்ரவரியில் இவ்வூழியரையும் பதிவு செய்யுமாறு பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டே வெளிவந்த கவெண்டிஷ் அறிக்கை, மருத்துவமனைகளிலும் பராமரிப்பில்லங்களிலும் பதிவின்றிப் பணிபுரிவோர் 13 இலட்சத்தினர் எனக் கணக்கிட்டது. 2015 இல் 15 நியமங்கள் கொண்ட ஒரு சான்றிதழ் வந்தது, பதிவேடு வரவில்லை. 2019 இல் தாதியருக்கும் உதவியாளருக்கும் இடைப்பட்ட புதியதொரு தரத்தினருக்குப் பதிவேடு திறந்தபோதும் உதவியாளர் வெளியிலேயே நின்றனர்.

சம்பளத்தைப் பொறுத்தவரை நிலைமை சற்றே அசைந்தது. குளிப்பாட்டல், உணவூட்டல் முதலியன இரண்டாம் படிக்கும், மருத்துவ அளவீடுகள் முதலியன மூன்றாம் படிக்கும் உரியவையென 2021 இல் வேலை விவரணம் தெளிவாக்கப்பட்டது. இரண்டாம் படிச் சம்பளத்தில் மூன்றாம் படி வேலையைப் பல ஆண்டுகளாகத் தாம் செய்துவந்ததை ஊழியர் பலர் அப்போதே ஆதாரத்துடன் எடுத்துக்காட்டினர். தொழிற்சங்கம் முன்னின்றது, மருத்துவமனைகள் பலவற்றில் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. படியுயர்வை நிருவாகங்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்டன. எத்தனை ஆண்டுகளின் நிலுவையைக் கொடுப்பதென்பதே, கடைசிவரை பேரம்பேசப்பட்ட விடயமாயிற்று.