பாஸ்போனேட்டுகள்

பாஸ்பரஸ் அணுவோடு ஒரு கார்பன் அணு நேரடியாகப் பிணைந்து, எஞ்சிய மூன்று இடங்களிலும் ஆக்சிஜன் அமைந்த சேர்மங்கள் பாஸ்போனேட்டுகள் எனப்படும். பாஸ்பேட் எஸ்டர்களில் கார்பனுக்கும் பாஸ்பரசுக்கும் நடுவே எப்போதும் ஓர் ஆக்சிஜன் நிற்கும். இங்கே அது இல்லை. இரண்டு கார்பன்கள் நேரடியாகச் சேர்ந்தால் பாஸ்பினேட்டு. குளூபோசினேட் என்ற களைக்கொல்லி அவ்வகை. ஒரே ஓர் ஆக்சிஜனுக்காகத் தனிப்பெயர் எதற்கு, எல்லாவற்றையும் 'ஆர்கனோபாஸ்பேட்' என்றே சொல்லிவிடலாமே என்ற எண்ணம் வேளாண்மையிலும் மருத்துவத்திலும் பரவலாக இருக்கிறது. வேதியியல் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

உடலில் பைரோபாஸ்பேட் என்ற மூலக்கூறின் நடுவிலுள்ள ஆக்சிஜன் பாலத்தை நொதிகள் எளிதில் வெட்டிவிடும். அந்த இடத்தில் கார்பனை வைத்தால் வெட்டு விழாது. எலும்பின் கால்சியத்தில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் தங்கும் அலென்ட்ரோனேட் போன்ற எலும்புத் தேய்மான மருந்துகள் இப்படி அமைந்தவையே. பாஸ்போனேட்டின் ஓர் ஆக்சிஜன் இடத்தில் புளூரின் கொண்ட சரின் என்ற நச்சுவாயு மண்ணில் விழுந்தால் முதலில் புளூரின் கழன்றுவிடும், பிறகு மெதுவாக எஸ்டர் பகுதி போகும். கார்பன்–பாஸ்பரஸ் பிணைப்பைத் தாங்கிய மெத்தில் பாஸ்போனிக் அமிலம் மிஞ்சும். 1988-இல் குண்டு வீசப்பட்ட வட இராக்கின் பிர்ஜின்னி கிராமத்தில் நான்கு ஆண்டுகள் கழித்து எடுத்த மண்ணில் சரினுக்குச் சான்றானவை இத்தகைய மிச்சங்களே.

அப்படியானால் இந்தப் பிணைப்பை எதுவுமே உடைக்காதா? உடைக்கும். பாஸ்பேட் கிடைக்காத கடற்பரப்பில் சில பாக்டீரியாக்கள் மெத்தில் பாஸ்போனேட்டைப் பிளந்து பாஸ்பரசை எடுத்துக்கொண்டு மீத்தேனை வெளிவிடுகின்றன. ஆனால் அதற்கென்றே தனி நொதித் தொகுதி தேவைப்படுகிறது என்பதே பிணைப்பின் உறுதிக்குச் சான்று. பாஸ்போனேட்டுகள் செயற்கைப் பொருள்களின் வகை என்பதும் தவறு; ஆட்டின் இரைப்பையில் வாழும் ஓரணு உயிரிகளில் 1959-இலேயே ஒரு பாஸ்போனேட்டு கண்டறியப்பட்டது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: சரினையும் களைக்கொல்லியான கிளைபோசேட்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் பெயரால் என்ன பயன்? நரம்பு நொதியான அசிட்டைல்கோலினெஸ்டரேசை முடக்குவதற்கு, பாஸ்பரசிலிருந்து எளிதில் கழன்றுபோகும் ஒரு தொகுதி வேண்டும். சரினில் அது புளூரின். கிளைபோசேட்டில் அப்படி எதுவும் இல்லை. அது தாவரங்களின் வேறொரு நொதியைத் தடுக்கிறது. மறுபுறம், கார்பன்–பாஸ்பரஸ் பிணைப்பே இல்லாத மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி, உடலில் மாலாக்சானாக மாறி நரம்பு நொதியைத் தாக்கும். ஆகவே இந்தப் பெயர் எலும்புக்கூட்டைச் சொல்கிறது, நஞ்சைச் சொல்வதில்லை; சொல்வதாக எதிர்பார்ப்பதே பிழை. கிளைபோசேட்டை ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளோடு சேர்த்துவிட்டால், அதைக் குடித்தவருக்கும், அப்பூச்சிக்கொல்லி நஞ்சுக்குத் தரப்படும் ஆனால் இதற்கு மாற்று மருந்தாகாத அட்ரோப்பினைத் தேட நேரும். கிளைபோசேட் தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. அதை நிறையக் குடித்தாலும் உயிர் போகும், வேறு வழியில்.

பெயரீட்டில் உண்மையாகவே சிக்கலான இடம், பயிர்களின் அழுகல் நோய்க்குத் தெளிக்கும் பொட்டாசியம் பாஸ்போனேட்டு. அதில் கார்பனே கிடையாது. இதற்குத் தாயான அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன்கள் இருந்தும், காரத்தோடு இரண்டே வினைபுரியும்; மூன்றாவது பாஸ்பரசோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. அந்த ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் கார்பன் வந்தமர்ந்தவையே கரிமப் பாஸ்போனேட்டுகள் என்பதால் பெயர் முறையானதுதான். வணிகத்தில் இதையே பாஸ்பைட் என்றும் விற்கிறார்கள். சிலர் பாஸ்பேட் உரமென்று நினைத்து வாங்குகிறார்கள். பயிர் அதை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் பாஸ்பரஸ் சத்தாகப் பயன்படுத்த அதனால் முடியாது.