முயலை விட்டுவந்த சிறுமி

பிள்ளைகளுக்கென எழுதப்படும் நூல்களை ஒருபடி கீழே வைத்துப் பார்ப்பது எமது இலக்கிய உலகின் பழைய பழக்கம். அகதி வாழ்வு பற்றிய எழுத்து என்றதும் நாம் தேடிப் போவது கவிதையை, சிறுகதையை, பெரியவர்களின் நினைவுக் குறிப்புகளை. அந்த வரிசையில் ஜூடித் கெர் என்ற பெயரை எவரும் சேர்ப்பதில்லை. லண்டனில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அவரைத் தெரியும்தான். ஆனால், தேநீர் வேளையில் வந்து வீட்டில் உள்ளதையெல்லாம் தின்று குடித்துவிட்டுப் போகும் புலியின் கதையை (1968) எழுதி வரைந்தவராக மட்டும். அதே கை பதின்பருவத்தினருக்காக மூன்று நாவல்களையும் எழுதியது. மூன்றும் நாடிழந்த ஒரு குடும்பத்தின் கதை. அது அவரது சொந்தக் குடும்பம்.

ஜூடித் 1923 இல் பேர்லினில் பிறந்தார். தகப்பன் அல்பிரட் கெர் அக்கால ஜேர்மனியின் பெயர்பெற்ற நாடக விமர்சகர். யூதர். எழுத்திலும் வானொலியிலும் நாசிகளை வெளிப்படையாகச் சாடியவர். தாய் யூலியா இசையமைப்பாளர். 1933 பெப்ரவரியில், கடவுச்சீட்டைப் பறிக்கப் போகிறார்கள் என்று பொலிஸ்காரர் ஒருவர் தொலைபேசியில் இரகசியமாகச் சொல்ல, காய்ச்சலோடு படுத்திருந்த அல்பிரட் எழுந்து பிராக் நகருக்கு ரயிலேறினார். மார்ச் 5 ஆம் திகதி தேர்தல். அதற்கு முன்னரே தாயும் இரு பிள்ளைகளும் சுவிஸ் போய்ச் சேர்ந்துவிட்டனர். ஒன்பது வயது ஜூடித் புதிதாகக் கிடைத்த நாய்ப்பொம்மையைத் தூக்கிக்கொண்டு, பழைய இளஞ்சிவப்பு முயலை வீட்டிலேயே விட்டுவந்தார். கொஞ்ச நாளில் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. அந்த நினைப்பு எமக்குப் புதிதல்ல. தாயோ, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாத அந்த அவசரத்திலும் மகள் வரைந்த சித்திரங்களைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அவை இன்று இங்கிலாந்தின் நியூகாசிலில், சிறுவர் நூல்களுக்கான காப்பகத்தில் பத்திரமாக உள்ளன.

அதே ஆண்டு மே 10 ஆம் திகதி பேர்லினில் நூல்களைக் குவித்து எரித்தபோது, சில எழுத்தாளரின் பெயரைக் கூவி, அவர் செய்த குற்றத்தையும் கூவினார்கள். அல்பிரட் கெருக்கு வாசிக்கப்பட்ட குற்றம், ஜேர்மன் மொழியைச் சீரழித்தார் என்பது! ஓகஸ்டில் வெளிவந்த, குடியுரிமை பறிக்கப்பட்டோரின் முதற் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. அப்போது அவருக்கு வயது 65. மகளுக்குப் பத்து. இந்த இரண்டு வயதுகளுக்கும் இடையில்தான் ஜூடித்தின் நாவல்கள் நடக்கின்றன என்பது எமது வாசிப்பு.

முதல் நாவல் பிறந்த விதம் சுவையானது. 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' படத்தைப் பார்த்துவிட்டு வந்த மகன், அம்மா சிறுமியாக இருந்த காலம் எப்படியிருந்தது என்று இப்போது விளங்கிவிட்டது என்றானாம். பாட்டுப் பாடி மலை தாண்டியதல்ல தமது கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல உட்கார்ந்தவர் எழுதியதே 'ஹிட்லர் இளஞ்சிவப்பு முயலைத் திருடியபோது' (1971). அதில் ஜூடித் அன்னா ஆகிறார். தமையன் மைக்கேல் மக்ஸ் ஆகிறான். சுவிஸ் கிராமத்துப் பள்ளிக்கூடம், பிறகு பாரிஸ். வாய் திறக்கத் தெரியாமல் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு ஒருநாள் திடீரென்று பிரெஞ்சு வந்துவிடுகிறது. அன்னாவுக்கு அகதி வாழ்க்கை ஒரு பெரும் பயணம். ஆனால் கதவுக்கு அப்பால் தாய் காசுக்கணக்குப் பார்த்து அழுவதும், பேர்லினில் தங்கிவிட்ட ஜூலியஸ் மாமாவிடமிருந்து வேலையும், மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும் அனுமதிச்சீட்டும்கூடப் பறிக்கப்பட்டு அவர் உயிரை மாய்த்துக்கொள்வதும் அதே பக்கங்களில் மெதுவாக வந்து போகின்றன. சித்திரவதை முகாம் காட்டப்படாத இந்த நாவலை மென்மையானது என்பவர்கள், அந்த அனுமதிச்சீட்டை மறுபடி வாசிக்கவேண்டும்.

பிள்ளைக்கு மொழி வர வர, தகப்பனுக்கு மொழி போயிற்று. அல்பிரட் கெரின் ஜேர்மன் நடை, நறுக்கி நறுக்கி எழுதும் நடை. வேறு மொழிக்குள் அடங்காதது. ஜேர்மனிக்கு வெளியே அதற்குக் கூலி கொடுக்க ஒருசில அகதிப் பத்திரிகைகளே இருந்தன. நெப்போலியனின் தாயைப் பற்றி அவர் எழுதிய படக்கதையை அலெக்சாந்தர் கோர்டா 1000 பவுணுக்கு வாங்கினார். படம் எடுக்கப்படவேயில்லை. அந்தக் காசில்தான் குடும்பம் லண்டன் வந்தது. அங்கே மலிவான ஹோட்டல் அறை ஒன்றில், அச்சேற வழியில்லாதவற்றை எழுதிக்கொண்டு இருந்தார் பேர்லின் நாடக மேடைகளை ஆட்டிவைத்த மனிதர். அலுவலகக் கடிதத்தை வாசித்துச் சொல்லப் பத்து வயது மகளைக் கூட்டிப்போகும் எம்மவர்கள் அவரை உடனே அடையாளம் கண்டுகொள்வர்.

இந்த லண்டன் காலம்தான் இரண்டாவது நாவல் (1975). ஹிட்லருக்குத் தப்பி வந்த மைக்கேலை 1940 இல் எதிரி நாட்டவன் என்று பிரித்தானியர் அடைத்துவைத்தனர். பின்னர் அவர் அவர்களுடைய விமானப் படையில் பறந்தார். 1981 இல் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசருமானார். ஜூடித் ஓவியம் படித்தார், பி.பி.சி.யில் வேலை பார்த்தார், நாடக எழுத்தாளர் நைஜல் நீலை 1954 இல் மணந்தார். அகதியான பிள்ளைகள் வென்றார்கள் என்று கதையை இங்கே முடித்துவிடலாம். ஜூடித் முடிக்கவில்லை.

1948 இல், எண்பது வயதில், அல்பிரட் கெர் ஜேர்மன் மண்ணில் மறுபடி கால்வைத்தார். ஹம்பேர்க்கில் நாடகம் பார்க்கப் போனார். அன்றிரவே பாரிசவாதம் தாக்கியது. சில வாரங்களில், மனைவி கொண்டுவந்து கொடுத்த மாத்திரைகளால் தமது உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். மூன்றாவது நாவலில் (1978) காலம் 1956. தற்கொலைக்கு முயன்று பேர்லினில் மயங்கிக் கிடக்கும் தாயைப் பார்க்க, வளர்ந்துவிட்ட அன்னா போகிறாள். தனக்குப் பெரும் பயணமாக இருந்த அந்த ஆண்டுகள் பெற்றோருக்கு என்னவாக இருந்தன என்பதை அங்கேதான் கணக்குப் பார்க்கிறாள். மூன்றிலும் கனமானது இதுவே; குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

முதல் நாவலை ஜேர்மனில் பெயர்த்தவர் அன்னமாரி போல், நாவலாசிரியர் ஹைன்ரிஷ் போலின் மனைவி. அதற்கு 1974 இல் ஜேர்மன் இளையோர் இலக்கியப் பரிசு கிடைத்தது. அங்குள்ள பள்ளிகளில் பாடநூலாயிற்று. அங்கே படித்த எமது பிள்ளைகள் சிலரின் புத்தகப்பையிலும் இருந்திருக்கிறது. எந்த மொழியைச் சீரழித்தார் என்று தகப்பனின் நூல்களை எரித்தார்களோ, அந்த மொழிக்கு மகளின் கதை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தது. ஜூடித் 2019 மே மாதம், 95 ஆவது வயதில், லண்டனில் காலமானார்.