குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு

உயிராபத்தான நிலையிலுள்ள சிசுக்களையும் சிறாரையும் இடைவிடாது கண்காணித்துப் பேணும் மருத்துவமனைப் பிரிவு. 1952இல் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாய்ப் பரவி, சுவாச யந்திரங்கள் போதாமற்போன வேளையில், மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமியொருத்தியின் கழுத்தில் துளையிட்டுச் செலுத்திய குழாய்வழி, கையால் பையை அழுத்திச் சுவாசமூட்டிக் காட்ட, பின்னர் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, வாரக்கணக்கில், அலுப்பு மிக்க அப்பணியைச் செய்து பலரைப் பிழைப்பித்தனர். இம்முயற்சியினின்று பிறந்த தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 1955இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் யோரான் ஹாக்லுண்ட் நிறுவியதே குழந்தைகளுக்கென அமைந்தவற்றுள் முதலாவதென்பர். 1967இல் பிலடெல்பியாவிலும் அத்தகையதொன்று தோன்றிற்று.

மருந்தின் அளவு குழந்தையின் எடையைக் கொண்டே கணிக்கப்படுவதாலும், தசமப் புள்ளியொன்று இடம் பெயரின் அளவு பதின்மடங்காகிவிடுமாதலாலும், அபாயகரமான மருந்துகளைச் செவிலியர் இருவர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்புநோக்குவது வழக்கம். வைத்தியரின் சாதுரியத்தினும் இச்சலியாத ஜாக்கிரதையே இங்குப் பிரதானமெனலாம்.