தென்காசிச் சத்திரமும் மதுரையின் பழங்கட்டடங்களும்

சென்ற மகாசபைக் கூட்டத்தில் நம் சங்கத்துக்குரிய தென்காசிச் சத்திரத்தைக் குறித்து எழுந்த விவாதத்தை அங்கத்தினர் பலரும் அறிவர். சத்திரம் பழுதாயிற்று; மேல்தளம் ஒழுகுகின்றது; சாரற்காலத்தில் வரும் நம்மவர் குடும்பங்கள் அதில் தங்க மனமின்றி விடுதிகளைத் தேடிப் போகின்றன. ஆகவே அதனை விலைக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தருவிச் சாலையில் ஒரு மனை வாங்கிப் புதுமாதிரியாக மாடிக்கட்டடம் எழுப்புவதே நலமென்பது ஒரு சாராரின் அபிப்பிராயம். விற்கலாகாது, ஆயின் இடித்துவிட்டு அதே மனையில் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்பது மற்றொரு சாரார் கூற்று. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது. அதற்குமுன், ஊர் நடுவிலுள்ள பழங்கட்டடங்களை நம் நாட்டார் என்ன செய்தனர், அதனால் விளைந்த லாபநஷ்டம் யாது என்பதைச் சற்று ஆராய்தல் பொருந்துமென்று எண்ணி இதனை எழுதலானோம்.

முதலில் நம் சத்திரத்துக்கு அண்மையிலுள்ள கோயிலையே பார்ப்போம். தென்காசி விசுவநாதர் ஆலயத் திருப்பணியைப் பராக்கிரம பாண்டியன் 1446ஆம் வருஷத்தில் தொடங்கினான். இராஜகோபுர வேலை அவன் காலத்தில் ஆரம்பமாகி, அவனுக்குப்பின் அவன் தம்பி குலசேகர பாண்டியன் காலத்தில் நிறைவெய்திற்று. அம்மன்னன் கல்லிற் பொறித்து வைத்த செய்தி ஒன்று உண்டு. பிற்காலத்தில் இவ்வாலயத்துக்குப் பழுது நேருமாயின், அதனைத் திருத்துகின்றவர் எவராயினும் அவர் அடிகளில் தான் வீழ்ந்து வணங்குவதாக அதில் அவன் கூறுகின்றான். கட்டினவன் அரசன், பழுதுபார்க்கப் போகிறவன் யாரோ ஒருவன். அவனை அரசன் முன்கூட்டியே வணங்குகின்றான்! புதிதாகக் கட்டுதலினும் பழுதுபார்த்தல் சிறு காரியமென்று எண்ணுகிற நம்மவர் இதனை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

அவ்வணக்கம் வீண்போகவில்லை. இராஜகோபுரம் சிதைந்து பிளந்து, பல தலைமுறைக்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. நம்மிற் முதியோர் பலர் அதனை அந்நிலையிற் கண்டவர்களே. பா. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியால், ஏறக்குறைய 180 அடி உயரமுள்ள ஒன்பது நிலைக் கோபுரம் எழுந்து, 1990ஆம் வருஷம் குடமுழுக்குக் கண்டது. வேறிடம் தேடவில்லை, பழைய வாயிலிலேயே அது எழுந்தது. அவ்வாயிலுள் நுழைவோரை எதிர்கொண்டு வீசும் காற்றும் அன்றுபோலவே வீசுகின்றது.

கோயிலுக்கு அன்பர் கூட்டம் உண்டு, சத்திரத்துக்கு அஃதில்லையே என்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான். ஆகையால் மதுரைக்குச் செல்வோம்.

நாயக்கர் காலத்து மதுரை, இரட்டை மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டை நகரம். விசுவநாத நாயக்கர் அமைத்த அக்கோட்டையின் 72 கொத்தளங்களும் 72 பாளையக்காரருக்குக் காவலாகப் பகுத்துக் கொடுக்கப்பட்டன என்பது வழக்கு. கும்பெனியார் ஆட்சி நிலைத்தபின் மதிலுக்கு வேலையில்லை. அகழியில் நீர் தேங்கி நாறிற்று. உள்ளே ஜனங்கள் நெருங்கி வாழ்ந்தமையால் காய்ச்சல் அடிக்கடி பரவிற்று. 1834 முதல் 1847 வரை கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் துரை மதிலை அகற்றத் துணிந்தார். சர்க்கார் பணத்தைக் கொட்டியா செய்தார்? இல்லை. மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முன்வருவோருக்கு அவ்விடத்திலேயே வீட்டுமனை கொடுப்பதாக ஏற்பாடு செய்தார். ஜனங்கள் மண்வெட்டியுடன் வந்தனர். நகரம் வெளியே பரவுமுன், தன் நடுவிலேயே புதுத் தெருக்களைப் பெற்றது. இன்றும் மாரட்டு வீதி என்றும் பெருமாள் மேஸ்திரி வீதி என்றும் வழங்குகின்றனவே, அவை அவ்வேலையை அளந்த சர்வேயரும் நடத்திய மேஸ்திரியும் பெற்ற பெயர்கள். ஒரு மேஸ்திரியின் பெயர் இத்தனை காலம் தெருப்பெயராய் நிலைத்தது அரிது. கலெக்டருக்கு நகரத்தார் நிறுவிய விளக்குத்தூண் மகாலுக்கு அருகில் இன்றும் நிற்கின்றது; அவ்விடத்துக்கே அதுதான் பெயர்.

ஆயின் இதில் ஒரு நஷ்டமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. மதில் போயிற்று, போனது போனதே. பாண்டியர் கோட்டையின் கீழைவாசல் மட்டும் அம்மன் சந்நிதிக்கெதிரே தப்பி நிற்கின்றது. இடியாமல் விட்டமையால் அதற்கு விட்டவாசல் என்று பெயர் வந்ததாக ஊரார் சொல்லுவர். பயனற்ற மதிலை இடித்து மனையாக்கியது தக்கதென்றே நாமும் எண்ணுகின்றோம். எனினும் இரண்டொரு வாசலும் கொத்தளமும் கூடுதலாக விட்டிருந்தால் நகரத்துக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

பயனுள்ளதை என் செய்வது என்பதற்கு அதே நகரத்துத் திருமலை நாயக்கர் மகால் சாட்சி. 1636இல் முடிந்த அவ்வரண்மனையின் பெரும்பகுதியை, அவர் பேரனார் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது பிரித்துக் கொண்டுபோனார் என்பர். எஞ்சியது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதுவும் சரிந்துவிடும் தறுவாயிலிருந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு அதனைப் பழுதுபார்க்க உத்தரவிட்டார். செப்பனிட்டபின் பூட்டி வைத்தாரில்லை. ஜில்லா நீதிஸ்தலம் அதனுள் அமைந்தது. 1970 வரை அங்கே வழக்குகள் நடந்தன. நம்மவர் பாட்டன்மாரில் காணி வழக்குக்காக அந்தத் தூண்களின் நிழலிலே காத்துக்கிடந்தவர் எத்தனை பேரோ! நித்தியமும் ஜனங்கள் புழங்கியமையாலன்றோ ஒழுகிய இடம் உடனே கண்ணிற்பட்டது, கரையான் ஏறிய சட்டம் உடனே மாற்றப்பட்டது? நீதிஸ்தலம் பெயர்ந்தபின் அரசாங்கப் பாதுகாப்புக்குள் வந்து, இன்று வேற்றூராரும் வேற்றுநாட்டாரும் காணும் இடமாயிருக்கின்றது.

வைகைக்கு வடகரையிலுள்ள தமுக்கம் அரண்மனை இராணி மங்கம்மாளோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஆங்கிலேய உத்தியோகஸ்தர் அதில் வசித்தனர். சுதந்திரத்துக்குப்பின் அது காந்தி நினைவு அருங்காட்சியகமாகி, 1959ஆம் வருஷம் ஏப்ரலில் ஜவஹர்லால் நேருவால் திறக்கப்பட்டது. மகாத்மா இறுதியில் அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த ஆடை அங்கேதான் இருக்கின்றது. 1921 செப்டம்பரில் அவர் அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீடோ கதர் விற்பனைக்கூடமாயிற்று. கடைத்தெருவின் இரைச்சல் நடுவே அந்த மாடி தப்பியிருப்பதற்குக் காரணம், கீழே வியாபாரம் நடப்பதே.

குற்றாலத்துக்குத் திரும்புவோம். அங்கே திருவாங்கூர் மன்னர்கள் சாரற்காலத்துக்கென வைத்திருந்த அரண்மனை, 1956இல் ராஜ்ய எல்லைகள் மாறிச் செங்கோட்டை நம் பக்கம் சேர்ந்தபின்னும் கேரள அரசின் உடைமையாகவே தங்கிற்று. அருவிச் சாலைகளில் நாற்புறமும் புதுவிடுதிகள் எழுந்துள்ளன. ஐந்தருவி எழில் மிகுந்த இடம் என்பதில் ஐயமில்லை. மலையடிவாரம், வனம், சாஸ்தா கோயில், ஐந்து கிளையாய் விழும் நீர். ஆயினும் 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் புகுந்து ஒரு சிறுவன் மாண்டதை மறந்துவிடலாகாது. வெள்ள நாட்களில் அருவிகளில் நீராடுதல் தடுக்கப்படுகின்றது. அப்போது ஐந்தருவியில் தங்கினவருக்கு அறையிற் குந்தியிருப்பதன்றி வேறு வேலை யாது? ஊருக்குள் தங்கினவர் கோயிலுக்குப் போகலாம், கடைக்குப் போகலாம், ரயில் ஏறலாம். 1904இல் திருநெல்வேலி கொல்லம் இருப்புப்பாதை திறக்கப்பட்டதுமுதல் தென்காசி ஸ்டேஷனில் இறங்குவோருக்கு வண்டிச் சத்தம் பெரிதாக வேண்டாத இடம் நம் சத்திரம். கல்யாணம், காதுகுத்து, மருத்துவம், பரீட்சை என்று வருஷம் முழுதும் நம்மவர் வருவது தென்காசிக்கே. 2019இல் அது ஜில்லாத் தலைநகரானபின் வரவு இன்னும் கூடியிருக்கின்றது. அருவிக்கு வருவதோ ஆனி ஆடியில்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை, கனமானவை, தளர்ச்சியில்லை. மேல்தளம் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு வார்த்த பழைய முறை. ஒழுகுவதற்குக் காரணம் முதுமை என்பதைவிட, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை நாம் பல வருஷம் பிடுங்காது விட்டதும், ஒருகாலத்தில் செலவு சுருங்குமென்று வெளிச்சுவரில் சிமெண்டு பூசியதுமே. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை மீண்டும் வெளியே விடும். மேலே சிமெண்டுப் பூச்சு இருப்பின் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். சாரலூரில் இது சொல்லத் தேவையில்லை. இப்பிழை நம்முடையது, கட்டினவர்களுடையதன்று.

ஆகவே நம் யோசனை இது. முன்கட்டை இடிக்க வேண்டா. சிமெண்டுப் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூசி, பழுதான சட்டங்களை மட்டும் மாற்றுக. தெருவை நோக்கிய திண்ணைப் பக்கத்து இரு அறைகளைக் கடைக்கு விடுக; அவ்வாடகை பராமரிப்புக்கென்றே தனிக்கணக்கில் நிற்கட்டும். பின்கட்டுக்கு அப்பால், முன்னாளில் வண்டி மாடுகள் கட்டிய வெறுமனை புல் முளைத்துக் கிடக்கின்றதே, அங்கே குளியலறை வசதியுடன் சில அறைகள் புதிதாகக் கட்டலாம். புதுமை வேண்டுவோர்க்குப் புதுமையும் கிடைக்கும். மனை வாங்கும் பணமும் மிஞ்சும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தர் இப்பொழுது அருகியுள்ளனர், செலவு சிறிதன்று என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஐந்தருவிக் கட்சியார் தம் மதிப்பீட்டையும் கொண்டுவரட்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

சத்திரத்து வாசல்நிலைக்கு மேலே கல்லொன்று உண்டு. அதில் பணம் கொடுத்தவர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. கடைசிவரியில் ஓர் அம்மையார் பெயர். அவர் தம் காதணியை விற்றுக் கொடுத்ததாக எம் பாட்டியார் சொல்லுவர். சுண்ணாம்புப் பூச்சு அடுக்கடுக்காக ஏறி அவ்வரி இப்பொழுது பாதி மறைந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு வரும் அன்பர்கள் காலையிலேயே வந்து காரியஸ்தரிடம் சாவி வாங்கி உள்ளே சென்று பார்க்கலாம். மாடிப்படி இருட்டு, கைவிளக்குக் கொண்டுவருவது நன்று.