பொற்காசும் அனுபவப் புள்ளியும்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளும் ஆட்டப்பாணியும் (1974–1989)

ஆய்வுச்சுருக்கம்

மேசைப் பாத்திர விளையாட்டில் எழுதப்பட்ட விதி, ஆட்டக்காரரின் நடத்தையை எந்த அளவுக்கு வடிவமைக்கிறது என்பதை ஒரே ஒரு விதியின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கைப்பற்றிய பொற்காசுக்கு அனுபவப் புள்ளி வழங்கும் அவ்விதி, மேலோட்டமாகப் பேராசையைத் தூண்டுவதாகத் தோன்றினும், போரைத் தவிர்க்கும் ஆட்டப்பாணியைத் தாங்கி நின்றது என்பதே இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: பாத்திர விளையாட்டு, விதி, ஆட்டப்பாணி, அனுபவப் புள்ளி, நடுவர்

முன்னுரை

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஒருவர் நடுவராக இருந்து இடத்தையும் எதிரிகளையும் விவரிக்க, ஏனையோர் தத்தம் பாத்திரத்தின் செயலைச் சொல்லிப் பகடை உருட்டுவது இவ்விளையாட்டின் முறை. இவ்வகையில் முதன்முதலாக வணிக நோக்கில் அச்சேறியது, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இயற்றி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆகும். மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டி. முதல் அச்சு 1,000 படிகள். அதன் அட்டை தன்னைப் போர் விளையாட்டு விதிகள் என்றே அறிவித்துக்கொண்டது. பாத்திரமேற்றல் என்ற சொல் அட்டையில் இல்லை.

இதற்கு முன்னோடிகள் உண்டு. பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக 1824இல் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டு, அட்டவணைகளையும் பகடையையும் நம்பியது. 1876இல் வெர்டி து வெர்னுவா அந்த அட்டவணைகளை விலக்கி, அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். விதியா, நடுவரா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

இன்றைய ஆட்டக்காரரிடையேயும் அவ்வழக்கு முடியவில்லை. நல்ல நடுவர் வாய்த்தால் எந்த விதிநூலும் ஒன்றுதான் என்பது ஒரு தரப்பு. விதியமைப்பே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பது ரான் எட்வர்ட்ஸ் முதலானோர் வலியுறுத்திய மறுதரப்பு. இரண்டையும் பொதுநிலையில் வைத்து வாதிடுவதில் பயனில்லை. குறிப்பிட்ட விதி ஒன்று மாறியபோது ஆட்டத்தின் கணக்கில் என்ன மாறியது என்று பார்ப்பதே வரலாற்று ஆய்வுக்கு உகந்தது.

பொற்காசு விதி

பாத்திரம் அனுபவப் புள்ளிகளைச் சேர்த்து அடுத்த நிலைக்கு உயர்கிறது. 1974ஆம் ஆண்டு நூல்களில் எதிரியை வீழ்த்துவதற்கும் செல்வத்தைக் கைப்பற்றுவதற்கும் புள்ளி உண்டு. 1975இல் வெளிவந்த கிரேஹாக் என்னும் துணைநூல் எதிரிக்கான புள்ளியைப் பெருமளவு குறைத்தது. ஒரு காசுக்கு ஒரு புள்ளி என்ற விகிதத்தைத் தொடவில்லை. இந்த ஒரு திருத்தத்தால் ஆட்டத்தின் ஊக்கம் முழுவதும் காசின் பக்கம் சாய்ந்தது.

1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த தொடக்கநிலை நூலின் எண்களைக் கொண்டு இதனை விளக்கலாம். போர்வீரர் இரண்டாம் நிலையை அடைய 2,000 புள்ளிகள் வேண்டும். ஓர்க் என்னும் எதிரியை வீழ்த்தினால் கிடைப்பது 10 புள்ளி. அதுவும் குழுவினரிடையே பங்கிடப்படும். ஐந்து போர்வீரர் கொண்ட குழு ஓர்க்குகளை மட்டுமே நம்பி இரண்டாம் நிலையை அடைய 1,000 ஓர்க்குகளை வீழ்த்த வேண்டும். மாறாக, 1,000 பொற்காசு உள்ள ஒரே பேழை ஆளுக்கு 200 புள்ளி தருகிறது.

எதிர்ப்பக்கக் கணக்கு இன்னும் கடுமையானது. முதல்நிலைப் போர்வீரரின் உயிர்ப்புள்ளி ஓர் எண்முகப் பகடையால் முடிவாகிறது. எதிரியின் அடி அறுமுகப் பகடை அளவு. உயிர்ப்புள்ளி சுழியமானால் மரணம். உடல்வலுவால் வரும் கூடுதல் இல்லையெனில், பட்ட முதல் அடியிலேயே இறக்கும் வாய்ப்பு 48இல் 21. பத்தில் இரண்டு புள்ளிக்காக இந்த ஆபத்தை யார் ஏற்பார்? பேழை எங்கே என்று விசாரிப்பதும், காவலர் உறங்கும் வேளை அறிவதும், கையூட்டு கொடுப்பதும், ஓடிவிடுவதும் அறிவுடைமையாகின்றன. எதிரி கண்டவுடன் தாக்குவானா என்பதை இரு பகடைகளால் முடிவு செய்யும் எதிர்வினை அட்டவணையும் இதற்கு வழிவிடுகிறது. அதன்படி கூட்டுத்தொகை 2 வந்தால் மட்டுமே உடனடித் தாக்குதல் உறுதி. பேச்சுக்கு எப்போதும் இடமுண்டு.

பொற்காசு விதி தனித்து இயங்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. ஆட்டத்தின் காலம் பத்து நிமிடக் கூறுகளாக எண்ணப்படும். ஒரு தீப்பந்தம் ஆறு கூறுகள் எரியும். இரண்டு கூறுகளுக்கு ஒருமுறை, அலைந்து திரியும் எதிரி வருகிறதா என்று நடுவர் பகடை உருட்டுவார். ஆறில் ஒரு வாய்ப்பு. இப்படி வருபவை, தம் வளையில் குவித்து வைத்த செல்வத்தைச் சுமந்து வருவதில்லை. ஆபத்து உண்டு, ஆதாயம் அற்பம். ஆகவே வீணாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருந்தது. பத்துக் காசு ஒரு பவுண்டு எடை. சுமை விதியைக் கடைப்பிடித்தால் 1,000 காசைத் தூக்கிச் செல்வதே தனிச் சிக்கல். அளவாக எடு, விரைந்து வெளியேறு என்று எந்த நூலும் உபதேசிக்கத் தேவையிருக்கவில்லை.

காசு சேர்த்தால் வாள்திறன் வளருமா என்ற ஆட்சேபம் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1979இல் வெளிவந்த நடுவர் கைநூலில் கைகாக்ஸ் இதற்கு விடை கூறுகிறார்: மதகுரு வழிபாட்டிலும் மந்திரவாதி ஏட்டிலும் மூழ்கிக் கிடப்பது இயல்புக்கு நெருக்கம்தான்; ஆனால் அது விளையாட்டாகாது. இவ்விதியை உலகியல் விளக்கமாகவன்றி ஊக்கக் கருவியாகவே அவர் கண்டார் எனலாம்.

1989ஆம் ஆண்டு மாற்றம்

1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் சாகசத் தொகுப்புகள், முன்கூட்டியே அமைந்த பெருங்கதையை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தன. கதைக்குத் தேவையான பாத்திரம் இறந்தால், உடல் கிடைக்காத ஐயத்துக்குரிய மரணமாக அதனை அமைத்துப் பின்னர் மீட்டுவர நடுவருக்கு அவை வழிகாட்டின. மரணம் இவ்வாறு தளர்ந்தபோது பொற்காசின் பொருளும் தளர்ந்தது. உலகைக் காக்கப் புறப்பட்டவர் பேழையை எண்ணிக்கொண்டிருப்பது நகைப்புக்குரியதன்றோ!

டேவிட் குக் தலைமையில் 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு பொற்காசுப் புள்ளியை விருப்பவிதியாக்கியது. கொலைகாரர் என்ற பாத்திர வகையும் அப்பதிப்பில் நீங்கியது. சமய அமைப்புகளும் பெற்றோர் குழுக்களும் இவ்விளையாட்டைக் கண்டித்துவந்த காலம் அது. வீரமும் நல்லொழுக்கமும் உடைய ஆட்டமே பதிப்பாளரின் விருப்பமாக இருந்தது. கதைநோக்கை நிறைவேற்றியதற்குப் புள்ளி வழங்க நடுவருக்கு உரிமை தரப்பட்டது. ஆனால் அதன் அளவு நடுவரின் மதிப்பீட்டைச் சார்ந்தது. எதிரிக்கான புள்ளிக்கோ திட்டமான அட்டவணை இருந்தது. பொற்காசை நீக்கிப் பார்த்தால், ஆட்டக்காரர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கக்கூடிய பெருவருவாய் எதிரியை வெல்வது ஒன்றே. வெற்றி என்பது கொலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எனினும் எதிரியை எதிர்கொண்டாக வேண்டும். முந்தைய விதியில் காவலரின் கண்ணிலேயே படாமல் பேழையுடன் திரும்பியவருக்கு முழுப்புள்ளி. இப்போது அவருக்கு உறுதியாகக் கிடைப்பது ஏதுமில்லை. பேராசையைக் களைய முற்பட்ட திருத்தம் வாளுக்கு விலை கூட்டியது என்பதே என் கணிப்பு.

மறுப்பும் எல்லையும்

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு, அதே காலத்துச் சான்றுகளிலேயே உள்ளது. 1980இல் கிளென் பிளேகோ, ஒரே வகை விதிகளைக் கொண்டு ஆடுவோரிடையே நான்கு நாட்டங்களைப் பகுத்துக் காட்டினார்: பாத்திரமேற்றல், கதைசொல்லல், வலிமை பெருக்கல், போர்த்தந்திரம். மினியாபோலிஸ் வட்டார ஆட்டக்காரரிடையே களப்பணி செய்து 1983இல் நூல் வெளியிட்ட சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன், குழுவுக்குக் குழு வேறுபடும் பண்பாடுகளைப் பதிவு செய்தார். விதி ஒன்றாயிருக்கப் பாணி பலவாயின. இதனை மறுக்க இயலாது. விதி நடத்தைக்கு ஆணையிடுவதில்லை. ஒவ்வொரு நடத்தைக்கும் விலை குறிக்கிறது. விலையைப் பொருட்படுத்தாத குழுக்கள் எக்காலத்தும் இருந்தன. விலை மாறியபோது அதனைப் பொருட்படுத்தியோரின் ஆட்டம் மாறியது.

பழைய விதிகளை மறுவார்ப்புச் செய்து 2006இல் வெளிவந்த ஆஸ்ரிக் முதலிய நூல்கள் பொற்காசுப் புள்ளியை மீட்டெடுத்தன. இம்மீட்பு பெரிதும் கைகாக்ஸ் வழிப்பட்டது. ஆர்னசனின் வழி வேறு. தம் பிளாக்மூர் ஆட்டத்தைப் பற்றி அவர் 1977இல் வெளியிட்ட நூலில், காசைக் கைப்பற்றுவதோடு புள்ளி வந்துவிடுவதில்லை. மது, இசை, புகழ், சமயம் எனப் பாத்திரம் நாட்டங்கொண்ட ஒன்றுக்கு அதனைச் செலவிட்டபின்னரே புள்ளி. அவ்விதிப்படி ஆடியோர் குகையைவிட்டு நகரத்துக்குத் திரும்பியதும் என்ன செய்தனர் என்பது தனித்து ஆராயத்தக்கது.