ஈழப் போரில் உயிர்தப்பியோர் இலக்கியம்

இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த போரிலும் படுகொலைகளிலும் பிழைத்தவர்களும், பிழைக்காதவர்களை அறிந்தவர்களும் தமிழில் எழுதிய கவிதை, நாவல், நாட்குறிப்பு, தன்வரலாறு ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். நாஜிகள் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்றதைப் பற்றிய ஐரோப்பிய எழுத்தோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. கொலையின் அளவும் முறையும் வேறு வேறு. ஆனால் சாமி எங்கே போனது, குடும்பத்தில் யாரை முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது, பிழைத்த பிறகு எந்த முகத்தோடு வாழ்வது என்ற கேள்விகள் இரண்டுக்கும் பொது. இந்த எழுத்தில் கணிசமான பகுதி கோவையிலும் கோபிசெட்டிபாளையத்திலும் அச்சேறியது. கொங்கு நாட்டு வாசகர் இதை அயலூர்ச் சங்கதி என்று ஒதுக்க முடியாது.

போருக்கு முன்னுரை 1981-இல் எழுதப்பட்டுவிட்டது. அவ்வாண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கல்முனைப் பகுதியைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையில் நூலகப் படிக்கட்டருகே புத்தரே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடப்பதாக எழுதினார். எரித்தவர்களின் கடவுளையே எரிக்கப்பட்டவர்களின் பக்கம் பிணமாகக் கிடத்திய கவிதை அது, எழுதியவரோ இஸ்லாமியர். ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட எலீ வீஸல் ‘இரவு’ நூலில், சிறுவன் ஒருவன் தூக்கில் தொங்கும்போது கடவுளும் அங்கேதான் தொங்குகிறார் என்று உணர்வதை இதன் அருகில் வைத்துப் படிக்கலாம். ‘இரவு’ தமிழில் பொள்ளாச்சி எதிர் வெளியீடு வழியாக வந்திருக்கிறது. ஆனால் ஈழத்து எழுத்தில் கடவுளோடு நேருக்கு நேர் நிற்கும் இத்தகைய வழக்கு அபூர்வம். அங்கே நம்பிக்கை என்பது பெரும்பாலும் செய்ய வேண்டிய சடங்கு, போக வேண்டிய கோயில், கொடுக்க வேண்டிய பிடி அரிசி. அவை தடைபடும்போதுதான் எழுத்து கலங்குகிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கவிதைதான் முதலில் வாய் திறந்தது. உ. சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் ஆகியோர் 31 கவிஞர்களைத் தொகுத்த ‘மரணத்துள் வாழ்வோம்’ 1985-இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது கோவை விடியல் பதிப்பகம். தமிழ்நாட்டில் ஈழத்தை மேடையில் முழங்கியவர்கள் ஏராளம். கைக்காசைப் போட்டு ஈழத்து எழுத்தை அச்சிட்டவர்கள் சிலரே. விடியல் சிவா அந்தச் சிலரில் முன்னிற்பவர். இயக்கப் பயிற்சி முகாம்களுக்குள் தோழர்களே தோழர்களைச் சித்திரவதை செய்து கொன்றதைச் சொன்ன கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ நாவலையும் அவருடைய பதிப்பகமே மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. செழியனின் ‘ஒரு மனிதனின் நாட்குறிப்பிலிருந்து’ இதே வரிசையில் வருவது. 1986-இல் சக இயக்கத்தால் வேட்டையாடப்பட்ட இளைஞன் வீடு வீடாக ஒளிந்து வாழ்ந்ததை அது சொல்கிறது. ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்தது நாஜிகளுக்கு அஞ்சி; இவன் ஒளிந்தது சக இயக்கத்தவனுக்கு அஞ்சி. கதவைத் திறந்து சோறு போட்ட அம்மாமார் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இந்த வேட்டை முஸ்லிம்கள் மீதும் பாய்ந்தது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். இதை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் எந்த ஈழ வரலாறும் அரைகுறை.

பதுங்குகுழி இந்த இலக்கியத்தின் நடுவீடு. வான்குண்டுக்குப் பயந்து வீட்டு முற்றத்தில் வெட்டி, பனங்குற்றி பரப்பி, மண் மூட்டை அடுக்கிய குழிக்குள்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். பா. அகிலனின் ‘பதுங்குகுழி நாட்கள்’ தொகுப்பை 2000-இல் வெளியிட்டது கோபிசெட்டிபாளையத்தின் குருத்து பதிப்பகம். மஞ்சளும் வாழையும் விளையும் வாய்க்கால் பாசன ஊரிலிருந்து யாழ்ப்பாணத்துப் பதுங்குகுழியின் கவிதை வந்தது என்பதை ஈரோட்டுக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

2009-இன் முதல் ஐந்து மாதங்கள் முற்றிலும் வேறு எழுத்தைப் பிறப்பித்தன. வன்னி மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து முள்ளிவாய்க்கால் கடற்கரையில் முடங்கினார்கள். கடல்மணலில் குழி வெட்டினால் நிற்காது, சரியும். மண் மூட்டைக்குச் சாக்கும் இல்லை. பெண்கள் சேலைகளைக் கிழித்துப் பை தைத்தார்கள். கடைசியில் பெட்டியின் அடியில் இருந்த கூறைச்சேலையும் கத்தரிக்கோலுக்கு வந்தது. தாலி கட்டியபோது உடுத்திய பட்டில் மணல் நிரப்பிப் பிள்ளையின் தலைமாட்டில் அடுக்கிய தாயிடம் நம்பிக்கையையும் குடும்பத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட எந்தத் திறனாய்வாளராலும் ஆகாது. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ இந்த இடப்பெயர்வைப் பேரப்பிள்ளைகளோடு ஓடும் முதிய பெண்ணின் பார்வையில் சொல்கிறது. வீரமும் தத்துவமும் குறைவு. அடுத்த வேளை உலைக்கு என்ன என்ற கவலை அதிகம். அதனாலேயே இக்காலம் பற்றிய நாவல்களில் இதையே முதலில் படிக்கச் சொல்வேன்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் ‘கல்வெட்டு’ என்ற சிறு நூலை அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். இறந்தவரின் குலம், ஊர், பிள்ளைகள் பெயர், புலம்பற்பாக்கள் எல்லாம் அதில் இருக்கும். முள்ளிவாய்க்காலில் விழுந்தவர்களுக்கு எட்டாம் நாள் எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, பலருக்கு உடலே இல்லை. அகிலன் தன் அடுத்த தொகுப்புக்குச் ‘சரமகவிகள்’ என்று பழைய இரங்கற்பா வகையின் பெயரை வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூதர்களும் அழிந்த ஊர்களுக்கு ‘யிஸ்கோர்’ என்னும் நினைவு நூல்களை அச்சிட்டார்கள். கல்லறை இல்லாதவர்களுக்குப் புத்தகம்தான் கல்லறை ஆனது. இன்று மே மாதத்தில் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியும், பால் இல்லாமல் அரிசியும் தண்ணீருமாகக் காய்ச்சிக் குடித்த அந்த நாட்களின் திதிதான்.

பிழைத்தவர் புனிதர் ஆகிவிடுவதில்லை. ஷோபாசக்தியின் ‘ம்’ (2004), 53 கைதிகள் கொல்லப்பட்ட 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் தப்பியவனைப் பின்தொடர்ந்து, அவன் தன் மகளுக்கே இழைத்த கேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறது. புலிகளின் மகளிர் அரசியல் பொறுப்பாளராக இருந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, அவர் 2015-இல் புற்றுநோயால் இறந்த பின் வெளிவந்தது. தன் இயக்கத்தைத் தானே விசாரிக்கும் துணிவு அதில் உண்டு. இரண்டையும் துரோகம் என்று தள்ளியவர்கள் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள்.

1983-க்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்த அகதிகள் மூன்று லட்சத்துக்கும் மேல். மண்டபத்தில் பதிந்து, மாவட்டம் மாவட்டமாக முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அரச்சலூர், ஈஞ்சம்பள்ளி ஆகிய இடங்களில் முகாம்கள் உள்ளன. பணக்கொடைக்கு வரிசை, கணக்கெடுப்பு நாளில் ஆள் இருந்தே ஆக வேண்டிய கட்டாயம், கியூ பிராஞ்ச் போலீஸ் விசாரணை, பெயிண்ட் அடிக்கும் தினக்கூலி என்ற அந்த வாழ்க்கையை உள்ளிருந்து எழுதியவர்களில் தொ. பத்தினாதன் முக்கியமானவர். 1990-இல் அகதியாக வந்த அவருடைய ‘போரின் மறுபக்கம்’ 2007-இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. அடைக்கலம் கொடுத்தோம் என்று பெருமைப்படும் தமிழ்நாடு படிக்க வேண்டிய நூல் அது.

2021-இல் தமிழக அரசு இவற்றை ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றி, 7,469 வீடுகள் உள்ளிட்ட 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. குடியுரிமை மட்டும் வரவில்லை. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. 1984-இலும் 1990-இலும் நடுவயதில் படகில் வந்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். ஈரோட்டுக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் அரச்சலூருக்கும் பவானிசாகருக்கும் போய், அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்ய வேண்டும். தள்ளிப்போட இனி ஆண்டுகள் இல்லை.